ஈரநிலத்தில் வைரஸ் இருக்கிறதாமே, மருந்து அடிக்கலாமா?

வைரஸ் என்று காதில் விழுந்ததுமே பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தேடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நீர் நுண்ணுயிர்களை ஆராய்கிற வேலையில் இருப்பதால், தலைப்பில் உள்ள கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வேண்டாம் என்பதுதான் பதில். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஈரநிலத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், அதில் கோடிக்கணக்கான வைரஸ் துகள்கள் இருக்கும். அடிச்சேற்றில் இன்னும் அதிகம். இயற்கை நீர்நிலைகளில் இவை இவ்வளவு நெருக்கமாக இருப்பது, 1989-இல் நார்வே ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்த பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. இன்று எண்ணுவது அவ்வளவு சிரமமில்லை. 0.02 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் தண்ணீரை வடித்து, மரபுப்பொருளோடு ஒட்டி ஒளிரும் சாயத்தை ஊற்றி, நீல ஒளியில் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிய பச்சைப் புள்ளிகள் பாக்டீரியா. அவற்றுக்கு நடுவே பொடிப்பொடியாக மின்னுபவை வைரஸ்கள். சேறு வந்தால்தான் எங்களுக்குத் தலைவலி: மண்துகளும் சேர்ந்து ஒளிரும், வைரஸ்களோ அதில் ஒட்டிக்கொண்டு பிரிந்து வர மறுக்கும்.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட சில ஓம்புயிர்கள்தான், அதாவது அது புகுந்து பெருகும் உயிர்கள்தான், பொருந்தும். மனித உடலில் அவற்றால் பெருக முடியாது. ஃபேஜ் உள்ளே பெருகி பாக்டீரியாவை வெடிக்கவைக்கும்போது, அதற்குள் இருந்த கரிமமும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரில் கலக்கின்றன. பக்கத்திலிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. ஓரினம் மட்டும் பெருகி எல்லாவற்றையும் அமுக்கிவிடாமல் இருப்பதிலும் ஃபேஜ்களுக்குப் பங்குண்டு.

என்னை அதிகம் ஈர்ப்பது, பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் விஷயம். இயற்கையாக மீத்தேன் வெளியாகும் இடங்களில் ஈரநிலங்களுக்குத்தான் முதலிடம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஆர்க்கியா என்ற, பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு வகையான நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன; மேலே ஆக்சிஜன் எட்டும் இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. இரு தரப்பையும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. சுவீடனின் ஸ்டோர்டாலன் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 1,900 வகை வைரஸ் கூட்டங்களை அடையாளம் கண்டு 2018-இல் வெளியிட்டார்கள். தாவரச் சர்க்கரைகளைச் சிதைக்கும் மரபணுக்களைக்கூடச் சில வைரஸ்கள் சுமந்திருந்தன. 2020-இல், நன்னீர் ஏரிகளின் ஃபேஜ்களில், மீத்தேனைத் தின்னும் நொதியின் ஒரு பகுதிக்கான மரபணுவே கிடைத்தது. ஆக, ஓர் ஈரநிலம் எவ்வளவு மீத்தேனை வெளியே விடும் என்ற கணக்கில் வைரஸ்களையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வைரஸ்களே சிலருக்குச் சாப்பாடும்கூட. குளத்துநீரில் வாழும் ஹால்டீரியா என்ற ஒற்றைச்செல் உயிரி, பாசியைத் தாக்கும் குளோரோவைரஸ்களை மட்டும் உண்டேகூடப் பெருக முடியும் என்று 2022-இல் காட்டியிருக்கிறார்கள்.

சரி, பிளீச்சிங் பவுடருக்கு வருவோம். மட்கிய இலையும் சேறும் நிறைந்த தண்ணீரில் குளோரினின் பெரும்பகுதி அந்தக் கழிவோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். வைரஸுக்கு எட்டும் அளவு போட்டால் முதலில் சாவது மீனும் நுண்மிதவை உயிர்களும்தான். அப்புறம் அடுத்த மழைநீரோடும் சேற்றிலிருந்தும் வைரஸ்கள் திரும்ப வந்துவிடும்.

பயப்பட வேண்டிய வைரஸ்களே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வழிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது பறவைக் காய்ச்சல். வாத்து, உள்ளான் போன்ற காட்டு நீர்ப்பறவைகள் இன்ஃபுளுவென்சா ஏ வைரஸ்களின் இயற்கை இருப்பிடம். எச்சம் வழியே அவை தண்ணீரில் கலக்கும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பறவைகள் கொத்தாக இறந்துகிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். வீட்டு வாத்து, கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டாவது சாக்கடை. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ எல்லாம் மனிதக் கழிவோடு வந்து சேர்பவை. அடைக்க வேண்டியது சாக்கடை வந்து கலக்கும் குழாயை. தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைவு என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். குடல் வைரஸ்கள் பல சமயம் அந்தப் பாக்டீரியாவைவிட நீண்ட நாள் தாங்கும். கோலிஃபேஜ் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். ஈ.கோலையைத் தாக்கும் ஃபேஜ்களை எண்ணி, கழிவு கலந்திருக்கிறதா என்று கணிக்கும் முறை அது.