தாங்கல் கரைசல்: பஃபருக்குத் தமிழில் என்ன பெயர்?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ வேதியியல் படிக்கிற பிள்ளையிடம் பஃபர் என்றால் என்ன என்று கேளுங்கள், மடமடவென்று சொல்லிவிடும். அதையே வீட்டில் பாட்டிக்குத் தமிழில் சொல்லு என்றால் பேச்சு நின்றுவிடும். அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில், தமிழ் ஒரு தாய்மொழிப் பாடமாக மட்டும் என்று இருக்கிற ஊரில் இரண்டும் சந்திக்க இடமே இல்லை. ஆனால் இதற்குச் சொல் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புழங்குகிற நல்ல சொல்: தாங்கல் கரைசல். ஆங்கிலப் பெயரைவிட இது விஷயத்துக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

முதலில் விஷயம். கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) பெரிதாக நகராமல் பார்த்துக்கொள்கிற கரைசல்தான் தாங்கல் கரைசல். ஒரு லிட்டர் தூய நீரை எடுத்துக்கொள்ளுங்கள், பிஎச் 7. அதில் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லிலிட்டர் விட்டால் பிஎச் 3க்கு விழுந்துவிடும். பிஎச்சில் ஒரு படி என்பது பத்து மடங்கு, அதனால் அமிலத்தன்மை தருகிற ஹைட்ரஜன் அயனி பத்தாயிரம் மடங்கு கூடிவிட்டது என்று பொருள். அதே ஒரு மில்லிலிட்டரை, அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் லிட்டருக்கு 0.1 மோல் வீதம் கலந்த கரைசலில் விடுங்கள். பிஎச் 4.76இலிருந்து 4.75 ஆகும், அவ்வளவுதான். உள்ளே இருந்த அசிட்டேட் வந்த ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துத் தானே அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. காரத்தை விட்டால் அசிட்டிக் அமிலம் தன் அயனியைக் கொடுத்து அந்தக் காரத்தைத் தணிக்கிறது. வலிமை குறைந்த அமிலம் ஒன்று, அதன் இணைக் காரம் (அயனியைக் கொடுத்தபின் அந்த அமிலத்தில் மிஞ்சுவது) ஒன்று, இரண்டும் போதிய அளவில் ஒரே பாத்திரத்தில் இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டு ரயில் பெட்டிகளின் முனையில் மோதலின் வேகத்தைக் குறைக்க வைத்த வில்பொறிக்கு பஃபர் என்று பெயர். 1900இல் பிரான்சில் ஃபெர்ன்பாக்கும் ஹூபர்ட்டும் முளைகட்டிய தானியமான மால்ட்டில் இருக்கிற பாஸ்பேட்டின் வேலையை ‘தாம்போன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லால் விளக்கினார்கள். ரயில் பெட்டியின் அந்த உறுப்புக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான். 1909இல் பிஎச் என்ற அளவையே உருவாக்கிய டென்மார்க்கின் சோரன்சன் ஜெர்மன் மொழியில் ‘புஃபர்’ என்று எழுத, அதுவே ஆங்கிலத்தில் நிலைத்தது. அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், ஆமாம், அந்த பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடம்தான்.

ஆக ஆங்கிலப் பெயருக்குள் இருப்பது மோதல். ‘தாங்கு’ என்ற நம் வினைச்சொல்லில் இருப்பது வேறு: சுமத்தல், ஏற்றுக்கொள்ளுதல், விழாமல் பிடித்தல். சுமைதாங்கியில் இருப்பதும் இதே வினை, ‘வெயில் தாங்க முடியல’ என்று நாள் முழுக்கச் சொல்வதும் இதே வினை. இன்னொரு பொருளும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. வட தமிழ்நாட்டில் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர், பழவந்தாங்கல் மாதிரி ஊர்ப்பெயர்களில் அது இன்றும் இருக்கிறது. மழை கொட்டினால் ஏரி வாங்கி வைத்துக்கொள்ளும், வறண்டால் வயலுக்குக் கொடுக்கும், கொள்ளளவு மீறினால் கரையை உடைத்துக்கொண்டு போகும். தாங்கல் கரைசல் செய்கிற மூன்று காரியமும் இதில் இருக்கிறது. இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் ஏரியை நினைத்தார்களா தெரியாது, ஆனால் பொருத்தம் கச்சிதம்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் சங்குப்பூ போதும். இங்கே புங்கா தெலாங் என்று நியோன்யா பலகாரத்துக்கு நீலச் சாயம் ஏற்றப் போடுவார்களே, அதேதான். பத்துப் பன்னிரண்டு பூவை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஒன்றில் மட்டும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். அது லேசாகப் பச்சை கலந்த நீலமாகும். இப்போது இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெறும் பூநீர் சில சொட்டிலேயே ஊதாவாகிவிடும். சோடா போட்டதில் ஒவ்வொரு சொட்டுக்கும் நுரை எழும், நிறம் நீலத்திலேயே நிற்கும். சோடாவில் இருக்கிற பைகார்பனேட், சாற்றின் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாகி, அது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. சாற்றை விட்டுக்கொண்டே போனால், பைகார்பனேட் தீரும் நேரத்தில் இதுவும் ஊதாவாகும்.

கரியமில வாயு என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. தண்ணீரில் கரைந்தால் அமிலம் தருகிற வாயு என்ற செய்தி நம் அன்றாடச் சொல்லிலேயே இருக்கிறது. ரத்தத்தின் முக்கியமான தாங்கலும் இதுதான், கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும். ரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த ஜோடியின் பிகேஏ, அதாவது அமிலமும் இணைக் காரமும் சம அளவில் இருக்கும்போது வரும் பிஎச், 6.1தான், 7.4க்கு ரொம்பத் தள்ளி இருக்கிறது. பிகேஏவுக்கு மேலும் கீழும் ஒரு படிக்குள்தான் ஒரு தாங்கல் நன்றாக வேலை செய்யும் என்று படித்திருப்போம், அப்படியானால் இது எப்படி உதவுகிறது? பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைந்த கரியமில வாயு 1.2, அதாவது இருபதுக்கு ஒன்று. பிகேஏவோடு இந்த விகிதத்தின் மடக்கையை (log) கூட்டினால் பிஎச் கிடைக்கும்: இருபதின் மடக்கை 1.3, அதை 6.1உடன் கூட்டினால் 7.4. கணக்குச் சரி, ஆனால் அந்த விகிதத்தைக் காப்பது நுரையீரலும் சிறுநீரகமும். ஒன்று வாயுவை வெளியேற்றுகிறது, மற்றது பைகார்பனேட்டைச் சரிக்கட்டுகிறது. டயாலிசிஸ் திரவத்தில் பைகார்பனேட் சேர்ப்பது இதனால்தான். வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொண்டால் ரத்தப் பரிசோதனைத் தாளில் பைகார்பனேட் என்ற வரி வரும், அதைப் பெரியவர்களுக்குச் சொல்லும்போது ‘ரத்தத்தில் அமிலத்தைத் தாங்குகிற சரக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், புரியும்.

அமிலம், காரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. அம்லம் என்றால் புளிப்பு, க்ஷாரம் என்றால் அரிக்கிற உப்பு. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் அமிலத்தைக் காடி என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் காரத்துக்கு மூலம் என்று வரும், அங்கிருந்து வந்த புத்தகத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மிளகாய்க் காரம் வேறு கதை, அந்த எரிச்சல் கேப்சைசின் தருவது, பிஎச்சோடு தொடர்பில்லை. பெயரை நம்பியும் பயனில்லை: வெங்காரம் நீரில் காரத்தன்மை காட்டும், படிகாரம் அமிலத்தன்மை காட்டும்.

அமிலமும் காரமும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருப்பதும் உண்டு, புரதங்களின் அடிப்படை அலகான அமினோ அமிலம் அப்படித்தான். அதன் பெயரில் வருகிற அமினோ, அம்மோனியாவிலிருந்து வந்தது. அம்மோனியா என்ற பெயர், பண்டைய லிபியாவில் (இன்றைய எகிப்தில்) இருந்த அம்மோன் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஓர் உப்பிலிருந்து வந்தது. அந்த உப்பு சித்த மருத்துவத்தில் பழகிய நவச்சாரமேதான். அமினோ அமில மூலக்கூறு ஒன்றில் அயனியைக் கொடுக்கிற கார்பாக்சில் தொகுதியும், வாங்குகிற அமினோ தொகுதியும் சேர்ந்தே இருக்கும், அதனால் ஈரியல்பு கொண்டது என்கிறோம். ஒரே நேரத்தில் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்று நிற்கும் நிலைக்கு சுவிட்டர் அயனி என்று பெயர். இருமுனை அயனி என்றால் இன்னும் தெளிவு.

இதை வைத்து எல்லா அமினோ அமிலமும் எங்கேயும் நல்ல தாங்கல் என்று நினைத்துவிடக் கூடாது. கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் பிகேஏ 2.34, 9.60, அந்த இரண்டு இடத்துக்குப் பக்கத்தில்தான் அது தாங்கும், ரத்தத்தின் 7.4இல் அதற்குப் பெரிய வேலையில்லை. அங்கே உதவுவது ஹிஸ்டிடின் என்ற இன்னொரு அமினோ அமிலம், அதன் பக்கச் சங்கிலியின் பிகேஏ ஏறக்குறைய 6. புரதத்துக்குள் சூழலைப் பொறுத்து அது மேலும் கீழும் நகரும். ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதோடு அமிலத்தையும் தாங்குவது பெரும்பாலும் இந்த ஹிஸ்டிடின்களால்.

எழுதும்போது ஒன்று மட்டும். கணினி பஃபருக்கு இடையகம் என்ற சொல் இருக்கிறது, அதை வேதியியலுக்குள் கொண்டுவர வேண்டாம், அங்கே தரவு இடையில் காத்திருக்கிறது, இங்கே எதுவும் காத்திருப்பதில்லை. தடுப்புக் கரைசல் என்று மொழிபெயர்ப்பதும் சரியில்லை, அமிலம் உள்ளே வரத்தான் செய்கிறது. எவ்வளவு தாங்கும் என்ற அளவைச் சொல்ல தாங்கல் திறன் என்று எழுதுங்கள்.