குப்பை அபராதம் கேட்டால், முதலில் ரசீதைக் கேளுங்கள்

எங்கள் தெருவில் தனியாக வாடகைக்கு இருக்கும் ஒரு அம்மாவிடம் ஒரு நாள் காலையில் 500 ரூபாய் அபராதம் என்று வாங்கிப் போனார்கள். அவர் வீட்டு வாசலோரம் கிடந்த கறுப்புப் பையில் சோறும் டயப்பரும் கலந்து கிடந்ததாம். அந்த வீட்டில் டயப்பர் போடுகிற குழந்தையும் கிடையாது, படுக்கையில் கிடக்கும் பெரியவரும் கிடையாது. பால் கவரைக்கூடக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறவர் அவர். வந்தவர் அடையாள அட்டை காட்டவில்லை. ரசீதும் தரவில்லை. இவரும் கேட்கவில்லை, பயந்துவிட்டார்.

அவரைப் போல இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது கட்டாயம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்று பிரிவாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2026 விதிகள், ஏப்ரல் 1 முதல் நான்கு பிரிவு கேட்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி குப்பை, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகள் மாதிரி இன்னொரு குப்பை மலை எழும்பக் கூடாது என்பதுதான் நோக்கம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மக்கள் சறுக்குவது 'மக்கும், மக்காத' என்ற இரண்டு வார்த்தையில்தான். இத்தனை வருஷமாக அதையே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். பேப்பர் மக்கும்தானே என்று டீ குடித்த பேப்பர் கப்பை ஈரக் குப்பையில் போடுகிறார்கள். அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, மக்காது. டயப்பரும் நாப்கினும் இதுவரை உலர் குப்பையோடு போய்க்கொண்டிருந்தன, இனி தனி. பேப்பரில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். பிரிக்கிறவர் கையால் திறந்து பார்க்க வேண்டி வராது. காலாவதியான மாத்திரை, பல்பு, பெயின்ட் டப்பா, பாதரசத் தெர்மாமீட்டர் எல்லாம் நான்காவது பிரிவு. உடைந்த கண்ணாடியையும் ஷேவிங் பிளேடையும் மட்டும் எந்தப் பையிலும் அப்படியே போட்டுவிடாதீர்கள். அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, தூய்மைப் பணியாளர் கையில் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தவரை நான் பார்த்திருக்கிறேன். கையுறை கிழிந்து இரண்டு வாரமாகிறது என்றார்.

சரி, அபராதத்துக்கு வருவோம். ஸ்பாட் ஃபைன், அதாவது அந்த இடத்திலேயே அபராதம், போட உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தொகையை முடிவு செய்வது அந்தந்த ஊர் உள்ளாட்சி தனக்கென்று போட்டுக்கொள்ளும் துணைவிதி, வசூலிக்க வேண்டியவர் அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலர். ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் வந்து நின்று கேட்டால், "யார் அனுப்பினது, ஆர்டரைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ரசீதில் தேதி, முகவரி, எந்தத் தவறு, எவ்வளவு என்ற நான்கும் இருக்க வேண்டும். பை உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே போட்டோ எடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பல குடும்பம் இருக்கும் வீட்டில் பொதுத் தொட்டி ஒன்றுதான் என்றால், எல்லோர் தவறும் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் விழும். நாலு வாளியில் வீட்டு எண்ணைப் பெயின்டில் எழுதி வையுங்கள்.

அடுத்தது, எல்லோருக்கும் வயிறெரிகிற விஷயம். நாம் நாலாகப் பிரித்துக் கொடுக்க, வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார்கள். பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தே எடுத்துப் போவது உள்ளாட்சியின் கடமை, அதுவும் விதியில்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு உள்ள கடமையை மட்டும் நோட்டீஸாக அச்சடித்து ஒட்டுகிறார்கள், தங்கள் கடமையை எங்கும் ஒட்டக் காணோம். வண்டித் தொழிலாளியிடம் சண்டை போடாதீர்கள். பிரிவுக்கு ஒரு தடுப்பு வைத்த வண்டியை அவருக்குக் கொடுக்காதது அவர் தவறில்லை. வண்டி எண் தெரியும்படி போட்டோ எடுத்துப் புகார் பதியுங்கள். சென்னையில் 1913 அல்லது 'நம்ம சென்னை' செயலி, மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகம். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். இரண்டு நாளில் "தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், ஆனால் தெருவில் ஒன்றும் மாறியிருக்காது. அப்புறம் போனால் வார்டு அலுவலகத்தில் மண்டலத்துக்குப் போகச் சொல்வார்கள், மண்டலத்தில் ஒப்பந்ததாரரிடம் பேசச் சொல்வார்கள். ஒப்பந்ததாரரிடம் போகாதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மண்டல அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட ஆள் இல்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு வேறு ஒரு கடிதம் வரும்: "நீங்கள் பெருமளவு குப்பை உருவாக்குபவர், இனி வண்டி வராது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." புது விதிப்படி தரைப் பரப்பு 20,000 சதுர மீட்டர், தண்ணீர் நாளைக்கு 40,000 லிட்டர், குப்பை நாளைக்கு 100 கிலோ, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே அந்தக் கணக்கில் வருவீர்கள். தொடவில்லை என்றால் வரமாட்டீர்கள். கடிதம் வந்ததும் பதறிப்போய்த் தனியார் நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் தராசு வைத்து எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆளுக்கு அரைக் கிலோ என்று வைத்தால்கூட, நாற்பது வீட்டில் 160 பேர் இருந்தாலும் 80 கிலோதான். அதையும் தண்ணீர்க் கணக்கையும் இணைத்துப் பதில் எழுதுங்கள்.

வாசலில் வந்து மாதக் குப்பைப் பணம் கேட்டால், அது எந்தத் தீர்மானப்படி என்று கேளுங்கள். சென்னையில் 2021 ஜனவரி முதல் குப்பைக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தார்கள். சில ஊர்களில் சொத்துவரியோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். வரி ரசீதைப் பார்க்காமல் இரண்டாவது தடவை கொடுத்துவிடாதீர்கள்.

பழைய மெத்தை, கட்டில், சோபாவுக்குச் சென்னையில் 2025 அக்டோபர் முதல் சனிக்கிழமைகளில் தனி வண்டி வருகிறது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதியாமல் வெள்ளிக்கிழமை இரவே மெத்தையைத் தெருமுனையில் சாய்த்துவைத்தால், அது பொது இடத்தில் குப்பை கொட்டிய கணக்கு.

எதற்கும் பதில் வராதபோது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று எழுதினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். அந்த அம்மாவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: குறிப்பிட்ட தேதியில் எங்கள் தெருவில் வசூலித்த அபராதங்களின் ரசீது நகல் வேண்டும் என்று ஒரே ஒரு வரி. இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. அன்றைய தேதியில் அந்தத் தெருவில் யாருக்கும் அபராதம் விதிக்கப்படவில்லை என்று, சீலோடு.