ஸ்டேட் செனட்டர் என்றால் மாநிலங்களவை உறுப்பினரா?

‘ஸ்டேட்’ மாநிலம், ‘செனட்’ மேலவை, ஆகவே மாநிலங்களவை என்று மொழிபெயர்ப்பவர்கள் எழுதிவிடுகிறார்கள். 1986 முதல் 1999 வரை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டேட் செனட்டராக இருந்த முன்னாள் ஃபுட்பால் வீரர் டிக் ஷாஃப்ராத்தை இந்தக் கணக்கு வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற மேலவைக்கு அனுப்பிவிடும். அவர் உட்கார்ந்ததோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில், 33 பேர் கொண்ட மாநில மேலவையில். கீழவையில் 99 பேர்.

‘செனட்’ என்ற சொல்லின் மூலம் லத்தீன்: ‘செனெக்ஸ்’, முதியவர். இதை வைத்துத்தான் ‘மூதவை’ வேண்டும் என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். முதுமை + ஊர் மூதூர் ஆவதுபோல முதுமை + அவை மூதவை. இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் இலங்கையில் அது பல்கலைக்கழக செனட்டுக்கு வழங்கும் பெயர். ஷாஃப்ராத் படித்து ஆடியதோ ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். ‘ஒஹாயோ மூதவை உறுப்பினர்’ என்று படிப்பவர் அவரைப் பேராசிரியர் என்றே நினைப்பார். சொல் அழகாக இருந்தால் போதுமா, ஆளைச் சரியான கட்டடத்துக்குள் கொண்டுபோய் விட வேண்டாமா?

‘மாநில மேலவை உறுப்பினர்’ என்பதே சரி. நம் எம்.எல்.சி. போல என்று மட்டும் விளக்கிவிடாதீர்கள். தமிழகத்தில் 1986-இல் கலைக்கப்பட்ட மேலவைக்குப் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் தனித்தனியே ஆள் அனுப்பினார்கள், நியமனமும் இருந்தது. ஒஹாயோவில் தொகுதி வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நான்கு ஆண்டுக்கு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மட்டும் ‘மேலவை’ என்பதும் பொருந்தாது. அங்கே 1937 முதல் ஒரே அவைதான், ஆனாலும் 49 உறுப்பினர்களுக்கும் பட்டம் செனட்டர். அவர்களைச் ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்றே எழுதலாம்.

ஷாஃப்ராத்தின் ஆட்டத்தையும் மொழிபெயர்ப்பில் விட்டுவைப்பதில்லை. ‘ஒஹாயோ மாநில அணிக்காகக் கால்பந்து ஆடினார்’ என்பதில் இரண்டு பிழை. அது பல்கலைக்கழக அணி. 1957-இல் பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது. ஆட்டம் அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். அஃபென்சிவ் டாக்கிளை ‘தாக்குதல் வீரர்’ ஆக்குவது இன்னும் மோசம். பின்னாளில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் ஷாஃப்ராத் ஆடிய இடம் அது. பந்து பெரும்பாலும் அவர் கைக்கே வராது. எதிராளியை மறித்து, பந்தை ஏந்தி ஓடும் சக வீரர் ஜிம் பிரவுனுக்கு வழி உண்டாக்குவதுதான் வேலை. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 கெஜம் தண்டம். ‘தடுப்பாட்டக்காரர்’ என்றும் எழுத முடியாது, அது எதிர்வரிசைக்காரர்களைக் குறித்துவிடும். ‘வழிமறிப்பவர்’ என்று எழுதுங்கள், இல்லையேல் டாக்கிள் என்றே விடுங்கள்.