பழைய புல்லட் ஓட்டினால் கை மரத்துப்போகிறதா?

பழைய வண்டியோடு பட்டறைக்கு வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்போம். பாதிப் பேர் பேசுவது உடம்பைப் பற்றி. "அரை மணி நேரம் ஓட்டினா கை மரத்துப்போகுது", "இறங்கினா இடுப்பை நிமிர்த்த முடியல". சிலர் வண்டியை விற்றுவிடலாமா என்றுகூடக் கேட்கிறார்கள். விற்க வேண்டியதில்லை. அதற்காக உடனே வெல்டிங் பட்டறைக்கு ஓடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

போன மாதம் ஒரு 1974 புல்லட் வந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஓட்டுகிறவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, வண்டி அவருடைய அப்பா வாங்கியது. முதலில் ஒரு இடத்தில் 'கஃபே ரேசர்' பாணியில் தாழ்வான நேர் ஹேண்டில்பார் மாட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டு வலி வந்ததும் இன்னொரு இடத்தில் அதே ஹேண்டில்பாரை ரைசர் வைத்து இரண்டு இஞ்ச் உயர்த்தியிருக்கிறார்கள். கேபிள்களை மட்டும் மாற்றவில்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டேன். நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, எஞ்சின் தானாக ரேஸ் ஆனது. நேராக்கினால் பழையபடி இறங்கியது. உயர்த்திய ஹேண்டிலுக்குப் பழைய கேபிளின் நீளம் போதவில்லை. திருப்பும்போது உள்ளே இருக்கும் கம்பியை இழுக்கிறது. முன் பிரேக் கேபிளும் அதே கதைதான், லீவர் பக்கம் உறை விலகி ஒரு நூல் அகலத்துக்குக் கம்பி வெளியே மின்னியது. "யூ டர்ன் போடும்போது வண்டி பாய்ற மாதிரி இருக்கும் தம்பி, எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. அவர் வயதில் ஒரு குறையும் இல்லை.

ஹேண்டில்பாரைத் தொட்டால் ஆக்சிலேட்டர், கிளட்ச், முன் பிரேக் கேபிள் மூன்றையும், ஒயரிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஐடில் கூடினாலோ, லீவரில் பிளே (கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா அசையும் இடைவெளி) குறைந்தாலோ அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

இனி உடம்பின் கணக்கு. இடுப்பு சீட்டில், கை ஹேண்டிலில், கால் ஃபுட்ரெஸ்டில். இந்த மூன்றில் ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டின் கணக்கும் மாறும். சீட்டை ஒரு இஞ்ச் உயர்த்தினால் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் கை அதே ஒரு இஞ்ச் கீழே போகும், உடம்பு முன்னால் சாயும். தாழ்ந்த ஹேண்டில் பந்தயத் தடத்தில் தொந்தரவு தராததற்குக் காரணம், அந்த வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். நம் ஊர் டிராஃபிக்கில் நாற்பதில் போகிறவரைத் தாங்க எந்தக் காற்றும் வராது, மேலுடம்பின் பாரம் உள்ளங்கையில்தான் விழும்.

எந்த விரல் மரக்கிறது என்று நான் கட்டாயம் கேட்பேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் பெரும்பாலும் உள்ளங்கையின் ஓரத்தில் பாரம் விழுகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடங்கியபடி இருக்கிறது என்று சந்தேகப்படுவேன். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அது என் பட்டறையில் தீராது.

அளவெடுப்பது சுலபம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கண்ணை மூடி, முதுகைத் தளர்த்தி, கையை முன்னால் நீட்டி இயல்பாக விடுங்கள். கை நிற்கிற இடத்துக்கும் கிரிப்புக்கும் உள்ள தூரத்தை இன்னொருவர் இஞ்ச் டேப்பால் அளக்கட்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளவெடுங்கள். உட்கார்ந்த புதிதில் எல்லோரும் விறைப்பாக உட்காருவார்கள்; உடம்பு களைத்த பிறகு கிடைக்கும் அளவைத்தான் நான் நம்புவேன்.

பணம் செலவழிக்காமலே சரியாகிற விஷயங்களை முதலில் பாருங்கள். ஹேண்டில்பாரின் கிளாம்ப்பைத் தளர்த்திச் சற்றுப் பின்னால் சுழற்றலாம். பிரேக், கிளட்ச் லீவர்கள் முன்கைக்கு நேர்கோட்டில் வரும்படி இறக்கலாம். கியர் லீவர் பல் வெட்டிய தண்டில் உட்கார்ந்திருக்கிறது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் கணுக்காலை வளைக்காமல் கியர் போடலாம். எஞ்சின் தலையை சேசிஸோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு இணைக்கும் பட்டையின் போல்ட் லூசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிர்வு அதிகம் என்று வந்த வண்டிகளில் அதை டைட் செய்ததுமே வித்தியாசம் தெரிந்தது உண்டு.

ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், முதுகுவலியில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. அதன் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மூக்கு கீழே இறங்கியிருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க் பக்கம் வழுக்குவீர்கள். அந்த வழுக்கலைத் தடுக்கிற வேலை மணிக்கட்டுக்குப் போய்விடும். குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று தளர்ந்திருந்தால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும், முதுகிலும் அதற்கேற்ப ஒரே பக்கத்தில் வலிக்கும். ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்ததாக. நீள சீட்டாக இருந்தால், பஞ்சு மாதிரி ஃபோம் கேட்காதீர்கள். கடையில் அழுத்திப் பார்க்கும்போது சுகமாக இருக்கும்; ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடித்தகட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். கெட்டியான ஃபோம், பின்பக்கம் அகலம், அதன் மேல் மெல்லியதாக ஒரு மிருதுவான அடுக்கு. இப்படிச் சொல்லித் தைக்கச் சொல்லுங்கள்.

ஃபுட்ரெஸ்டை நகர்த்துவதை நான் கடைசியில்தான் யோசிப்பேன். பின் பிரேக் ராடின் கோணம் மாறினால் மிதிக்கிற பலம் டிரம்முக்கு முழுதாகப் போய்ச் சேராது. கீழே இறக்கினால் வளைவில் தரையில் உரசும்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் ஏறியிருக்கும் விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது. இருவர் சீட்டை ஒருவர் சீட்டாக்குவதும், சேசிஸை அறுத்து நீளம் மாற்றுவதும் அங்கே இடிக்கும். 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், அப்படிப் பதிந்த பிறகு தினசரி ஓட்டக் கூடாது. எப்படியிருந்தாலும் சேசிஸில் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டி மூலமாக்க முடியாது. அதனால் என் பட்டறையில் ஒரே விதிதான்: ஸ்பேனரால் மாட்டி, அதே ஸ்பேனரால் கழற்றக்கூடியதை மட்டும் செய்வோம்.

அந்த 1974 வண்டிக்கு ரைசரை எடுத்துவிட்டோம். அவர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஹேண்டில்பாரையே கொண்டுவரச் சொன்னேன். துரு தேய்த்து மாட்டி, அளந்தபடி கொஞ்சம் பின்னால் சுழற்றியதும் கை தானாக கிரிப்பில் வந்து உட்கார்ந்தது. சீட் ஸ்பிரிங் இரண்டும் புதிது, கேபிள் மூன்றும் புதிது. கிளட்ச் கேபிள் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக ஓடுகிறது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், டேங்க் அடியில் அது போகும் பாதையை மாற்றிப் பார்க்க வேண்டும்.