இலங்கைப் படையினருக்கும் அரசு ஊழியர்களுக்கும் இந்தியா தரும் பயிற்சி: யார் அனுப்புகிறார், யார் செலவு, யார் சரிபார்க்கிறார்

இலங்கைப் படையினருக்கு இந்தியாவில் பயிற்சி என்று செய்தி வரும்போதெல்லாம், போருக்குப் பிறகு அதற்காகவே ஒரு திட்டம் போடப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படித் தனித் திட்டம் கிடையாது. 1964 செப்டம்பர் 15 அன்று மத்திய அமைச்சரவை முடிவின்படி தொடங்கிய இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம், அதாவது ஐடெக், இதற்கும் அடிப்படை. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் இத்திட்டத்தில் சுமார் 160 நாடுகள் பங்கேற்கின்றன. 2009 மே மாதம் போர் முடிந்தபின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். ஆனால் அதற்குள் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றில் அலுவலர் தாமே விண்ணப்பிக்கலாம், மற்றதில் முடியாது.

முதலாவது, சிவில் பயிற்சி. பொதுவாக வயது 25 முதல் 45 வரை, பணி அனுபவம், பாடத்தைப் பின்தொடரும் அளவுக்கு ஆங்கிலம், உடல்தகுதி ஆகியவற்றைக் கேட்பார்கள். ஏற்கெனவே ஐடெக் பயிற்சி பெற்றவருக்கு மறுமுறை வாய்ப்பு கிடைப்பது அரிது. இணையதளத்தில் பாடநெறியைத் தேர்ந்து படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, திணைக்களத் தலைவரின் ஒப்புதலோடு அமைச்சு வழியாக அனுப்ப வேண்டும். கொழும்பில் வெளிநாட்டுப் பயிற்சி விண்ணப்பங்கள், வெளிநாட்டு உதவிகளைக் கவனிக்கும் வெளிவளத் திணைக்களத்தைக் கடந்து இந்தியத் தூதரகத்துக்குப் போகும். தேர்வானால் போக வர விமானச் சீட்டு, தங்குமிடம், தினப்படி, பாடக் கட்டணம் எல்லாம் இந்தியாவின் செலவு. விசாவுக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தை அழைத்து வர முடியாது.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் தகுதிக் குறைவால் அல்ல. இணையத்தில் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். கையொப்பமிட்ட பிரதி அமைச்சிலேயே கிடக்கும், அதற்குள் இடங்கள் நிரம்பிவிடும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிரதேச செயலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தாமதம் கூடுதல். காகிதம் கொழும்பு வரை போக வேண்டுமே. பாடநெறி அறிவிப்பு வந்த வாரத்திலேயே கோப்பை நகர்த்தி, ஒவ்வொரு மேசையிலும் அது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வழி. வெளிநாட்டுப் பயிற்சிக்கான விடுமுறையும் திரும்பி வந்து சேவையாற்றும் உடன்படிக்கையும், இலங்கை அரசு ஊழியர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் வருகின்றன. கையெழுத்திடுமுன் அதைப் படித்துவிடுங்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது, ஐந்தாண்டுகளில் 1,500 இலங்கை அரசு ஊழியர்களுக்கு இந்தியாவின் நல்லாட்சிக்கான தேசிய மையம் பயிற்சி தருவதாக முடிவானது. இங்கே கொழும்பே குழுவைத் தேர்ந்து அனுப்பும். ஆகவே, தமிழில் மக்களோடு வேலை செய்யும் வடக்கு, கிழக்கு அலுவலர்களுக்கு எத்தனை இடம் என்பதை டெல்லியிடம் அல்ல, கொழும்பிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது வாசல் ராணுவப் பயிற்சி. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு ஆட்களை முன்மொழிகிறது. இந்தியத் தரப்பு இடம் ஒதுக்குகிறது. குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இதில் பெயர்பெற்றது. அங்கே ஏறத்தாழ ஓராண்டுப் பாடத்தை முடிக்கும் அதிகாரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் பெறலாம். தமிழ்நாட்டு மண்ணில் இருப்பதாலேயே எதிர்ப்பும் அங்கே கூர்மையானது. 2012-ல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருந்த இலங்கை விமானப்படையினர், முதலமைச்சர் ஜெயலலிதாவின் எதிர்ப்புக்குப் பிறகு பெங்களூரு எலஹங்காவுக்கு மாற்றப்பட்டனர். பயிற்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது. பாதுகாப்பும் வெளியுறவும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், மாநில அரசு கடிதம் எழுதலாம், தீர்மானம் போடலாம்; பயிற்சியைத் தடுக்க அதிகாரம் இல்லை.

உண்மையான ஓட்டை, வருபவர் போரில் என்ன செய்தார் என்பதைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் லேஹி சட்டம் உண்டு: கடும் மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி தரக் கூடாது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. இறுதிப் போரில் 58-வது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய சவேந்திர சில்வா 2019-ல் ராணுவத் தளபதியானபோது, இலங்கை ராணுவத்தினரை அமைதிப் பணிக்கு அனுப்புவதை ஐ.நா. மட்டுப்படுத்தியது, 2020 பிப்ரவரியில் அமெரிக்கா அவருக்கு நுழைவுத் தடை விதித்தது. அப்படியொரு கட்டாயம் இந்தியப் பயிற்சி இடங்களுக்கு இல்லை. முன்மொழியும் அமைச்சின் சொல்லே பெரும்பாலும் சான்று.

விவரம் வேண்டும் இந்தியக் குடிமக்கள் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி வெளியுறவு அமைச்சகத்திடமோ பாதுகாப்பு அமைச்சகத்திடமோ கேட்கலாம். 'எந்தெந்த அதிகாரி வந்தார்' என்று கேட்டால் பிரிவு 8(1)(அ)-வைக் காட்டி, வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று மறுத்துவிடுவார்கள். ஆண்டுவாரியாக எத்தனை இடம், எந்த நிறுவனம், எவ்வளவு செலவு என்று தனித்தனிக் கேள்வியாக எழுதுங்கள். தர முடியாததை மட்டும் நீக்கி மற்றதைத் தரும்படி பிரிவு 10-ஐக் குறிப்பிடுங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும்; வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.