கரகம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வாரியம் இருக்கிறது: செட்டிநாட்டுக் கலைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வில்லை. முத்துமாரியம்மன் திருவிழா, ஊருக்கு ஊர் முளைப்பாரி, புரவி எடுப்பு என்று விடிய விடிய ஆட்டம்தான். ஐப்பசி மழை தொடங்கினால் அழைக்க ஆளிருக்காது. வைப்பு நிதியோ இ.எஸ்.ஐ.யோ இல்லாத தொழில் இது. இவர்களுக்காகத்தான் 2007-இல் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இது இயங்குகிறது.

18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருக்கும் நாட்டுப்புறக் கலைஞர்கள் சேரலாம். கரகம், ஒயில், பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் மட்டுமல்ல, பின்னால் நின்று உறுமியும் பம்பையும் வாசிக்கிறவர்களும் கலைஞர்கள்தான். செட்டுத் தலைவரிடம், அதாவது ஆட்டக் குழுத் தலைவரிடம், வாரிய அட்டை இருந்தால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். போதாது. பதிவு ஆளுக்கு ஆள்தான், செட்டுக்கு இல்லை.

பதிவு செய்தவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். இயற்கை மரணம், ஈமச்சடங்கு, பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. விடிகாலையில் கரகமும் மேளமுமாகப் பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பதிவு செய்யப் போகும்போது ஆதார், ரேஷன் அட்டை, புகைப்படம் எல்லாம் கையில் இருக்கும். திண்டாட்டம் வருவது, ‘நான் கலைஞர்’ என்பதற்கு ஆதாரம் காட்டும்போதுதான். கோயில் கமிட்டி வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்கும். மீதியை விடிந்ததும் எண்ணிக் கொடுக்கும். துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. விழா நோட்டீசிலும் ‘இரவு கரகாட்டம் நடைபெறும்’ என்ற ஒரே வரி. பந்தல் போட்டுக் கொடுத்தவர் பெயர் வரும், ஆடியவர் பெயர் வராது. இருபது வருஷம் ஆடிய அக்காவுக்கும் காட்ட ஒன்றும் இல்லாமல் போவது இப்படித்தான்.

கமிட்டிக்காரர்கள் மனது வைத்தால் இதைச் சரிசெய்யலாம். நோட்டீசில் செட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரையும் போடுங்கள். விழா முடிந்ததும் கோயில் லெட்டர்பேடில், இன்ன தேதியில் இன்னார் ஆடினார் என்று ஆளுக்கொரு கடிதம் கொடுங்கள். கலைஞர்களும் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். ஆடும்போது எடுத்த படங்களையும் தேதியோடு பிரிண்ட் போட்டு வையுங்கள்.

எங்கே போவது? காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் சிவகங்கை மாவட்டம். அதற்கு மதுரை மண்டலக் கலை பண்பாட்டு அலுவலகம். ராயவரம், அரிமளம் பக்கம் இருப்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டம் என்பதால், அங்கே ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து உரிய மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

வயதாகி ஆட முடியாமல் போனவர்களுக்கு வழி வேறு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், 58 வயது முடிந்த நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க 10,000 ரூபாய் தரும் திட்டமும் மன்றத்திடம் உண்டு. இவை விண்ணப்பம் போட்டுத் தேர்வாகிறவர்களுக்குத்தான். இங்கேயும் கேட்கப்போவது கலைஞர் என்பதற்கான ஆதாரத்தைத்தான். அதனால் அந்தக் கோயில் கடிதங்களை வாரிய அட்டை வந்த பிறகும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.