படகில் காஸ் அடுப்பு: ரீயூனியனில் விதி கேட்பது என்ன?

இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியனில் பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்கள் சமையல் மூலையைப் பார்த்ததும் அடுப்பில் எத்தனை பர்னர் என்றுதான் எண்ணுகிறார்கள். முதலில் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விதியின் அக்கறையும் அங்கேதான் இருக்கிறது.

ரீயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இங்கும் செல்லும். 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரையுள்ள உல்லாசப் படகுகளுக்கு 2013ஆம் ஆண்டின் 53ஆம் எண் ஐரோப்பிய நெறிமுறை பொருந்துகிறது. தொழில்முறை மீன்பிடிப் படகுகளின் கணக்கு வேறு. காஸ் இணைப்பு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் எல்லாச் சிலிண்டர்களும் தனிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. அந்தப் பெட்டிக்கும் ஆட்கள் தங்கும் அறைக்கும் தொடர்பே கூடாது. வெளியிலிருந்து மட்டுமே திறக்க வேண்டும். கசியும் காஸ் படகுக்கு வெளியே வடிந்துவிட வழி வேண்டும். ஒவ்வொரு காஸ் சாதனத்துக்கும் தனிக் கிளைக் குழாய், தனி வால்வு. பொருத்தி முடித்ததும் கசிவுச் சோதனை.

இத்தனை கண்டிப்பு ஏன்? பியூட்டேன் காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் வாசல் வழியாகவாவது வெளியேறும். படகின் அடிப்பகுதி கிண்ணம் போன்றது. தரைப் பலகைக்குக் கீழே காஸ் தண்ணீரைப் போலத் தேங்கி நிற்கும். பாட்டரியும் அடித்தண்ணீர் இறைக்கும் பம்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு பொறி போதும்.

சென் பியேர் துறைமுகத்தில் நண்பர் வாங்கவிருந்த படகைப் பார்க்கப் போயிருந்தேன். பின்பக்கத்தில் சிலிண்டர் பெட்டி. அடியில் விரல் பருமனில் வடிதுளை. எல்லாம் முறைப்படி இருப்பதாகத்தான் தோன்றியது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அசையாமல் நின்றது. கம்பியை விட்டுக் கிளறியதும் உப்பேறிய கயிற்று நாரும் குளவி கட்டிய மண்ணும் பெயர்ந்து வந்தன. பிறகுதான் தண்ணீர் கடலில் விழும் சத்தம் கேட்டது. பெட்டி இருந்தும் துளை அடைந்திருந்தால் அந்த விதியால் பயனில்லை. ரெகுலேட்டர் மூட்டில் சோப்பு நுரை தடவினோம். மெல்ல ஒரு குமிழி ஊதியது. காஸ் டியூபைத் திருப்பி அச்சிட்ட தேதியைப் பார்த்தோம், என்றோ காலாவதியாகியிருந்தது.

ஐரோப்பாவில் விற்கும் படகுகளுக்கு 1998 ஜூன் 16 முதல் சிஇ முத்திரை, அதாவது ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் அடையாளம், கட்டாயம். அதற்கு முன் கட்டியவற்றில் அந்த முத்திரையைத் தேட வேண்டாம். பெட்டியையும் குழாயையும் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

அடுப்பை வாங்கும்போது, தீ அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் அமைப்பு ஒவ்வொரு பர்னரிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்றோட்டத்துக்காகத் திறந்து வைத்த மேல்தளத் திறப்பு வழியே வரும் காற்றே தீயை அணைத்துவிடும். பாய்மரப் படகு சாயும்போது அடுப்பு மட்டமாக நிற்க ஊஞ்சல் போன்ற தாங்கி வேண்டும். பானையைப் பிடிக்கக் கம்பிகளும் வேண்டும். கொதிக்கும் பருப்பு மடியில் கவிழ்வது தீயைப் போலவே கொடியது.

நிரந்தர இணைப்பைப் பற்றித்தானே விதி சொல்கிறது என்று கையடக்க அடுப்பையும் அதன் காஸ் குப்பியையும் அறைக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குப்பியிலிருந்து கசியும் காஸும் அதே கிண்ணத்தில்தான் இறங்கும். ஸ்பிரிட் அடுப்பில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. முழுக்க ஆறிய பிறகே நிரப்ப வேண்டும்.

தீயணைப்புக் கருவியை, உல்லாசப் படகுகளின் பாதுகாப்புக்கான பிரான்சின் 240ஆம் பிரிவு விதிகளும் கேட்கின்றன. அதை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். தீயைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. காஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடி, எல்லாரையும் மேல்தளத்துக்கு ஏற்றுங்கள். கடலில் உதவிக்குப் படகு வானொலியான விஎச்எஃப்பில் 16ஆம் சானல், தொலைபேசியில் 196.

சமையல் முடிந்ததும் அடுப்பின் குமிழைத் திருகி நிறுத்தாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய காஸ் எரிந்து சுடர் தானாக அணையும் வரை பக்கத்தில் நில்லுங்கள். அதன் பிறகே குமிழை மூடுங்கள்.